சருகுமான் ஏறிப் பத்துமலைக்கு



தஞ்சோங் மாலிமிலிருந்து பத்துமலை ஒன்றும் தொலைதூரமில்லை. பழைய சாலை வழியே போனாலும் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். இதைப் பயணம் என்று எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த 60 கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு ஒன்பது மாதங்கள் ஆயின! எட்டு ஆண்டுகள் பலாமரத்தடியில் கிடந்து துருவேறிய ஒரு சின்னக் காரில் அல்லவா போனோம்!

அது என் அப்பாவின் கார். 660 சி.சி. கஞ்சில். மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். பெரிய விலங்குகளைப் புத்தியால் வென்ற அந்தச் சின்ன விலங்கின் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். 1993-இல் தொடங்கிய பெரோடுவா நிறுவனம் 1994-இல் வெளியிட்ட முதல் கார் இதுதான். ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை ஒட்டி அமைந்தது. மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். 2009-இல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னே நிறுத்தி, மனைவியைப் பின்னே உட்காரவைத்து, மழையில் நனைந்தே காலம் கழித்த எத்தனையோ தோட்டக் குடும்பங்களுக்குக் கூரையுள்ள முதல் வாகனம் கஞ்சில்தான். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும்.

அப்பா பால்மரம் வெட்டியவர். 2002-இல் 55 வயது நிறைந்ததும் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஆறு வயதான இந்தக் காரை வாங்கினார். அம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்து, தைப்பூசத்திற்கு முன்பே ஒருநாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பத்துமலைக்குப் போய்வருவார். 2015-இல் அம்மா தவறிப்போனார். அதன் பிறகு அப்பா சாவியை ஆணியில் மாட்டியவர்தான், எடுக்கவேயில்லை. கார் லயத்து வீட்டுப் பக்கத்தில் கித்தானுக்கடியில் கிடந்தது.

2023 மார்ச் மாதம் என் அண்ணன், “இரும்புக்குப் போட்டால் ஐந்நூறு வெள்ளி கிடைக்கும். கொசுவாவது ஒழியும்” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவுமில்லை. 76 வயது மனிதர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவதைப் பிள்ளைகள்தாமே புரிந்துகொள்ள வேண்டும்? மறுநாள் என் மனைவியிடம் பேசினேன். மூத்தவளின் மேற்படிப்புக்குச் சேர்த்த பணத்தைத் தொடக்கூடாது, 3,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். சரியென்று ஒப்புக்கொண்டேன்.

சாலை வரி பல ஆண்டுகள் கட்டாத வண்டியை ஓட்டிக்கொண்டு போகமுடியாதே! 120 வெள்ளிக்கு இழுவை லாரி பிடித்து, பட்டணத்தில் தட்டிச் சாயம் பூசும் ஒரு பட்டறையில் விட்டேன். முதல் தவற்றை அங்கேதான் செய்தேன். பிரேக்கைப் பார்க்கவில்லை, இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அப்பா கண்ணுக்குப் பளபளவென்று தெரியவேண்டும் என்பதே என் அவசரம். 900 வெள்ளி வாங்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போல நீலநிறத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் மழையில் நின்றது. ஜூலையில் கதவுக்குக் கீழே அம்மைக் கொப்புளம் போலச் சாயம் எழும்பியது. அப்போதுதான் பள்ளி அறிவியல் அறையிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். கூரையில் ஒட்டியது; கதவில் ஒட்டியது; கதவுக்குக் கீழிருந்த பட்டியில் ஒட்டாமல் விழுந்தது! இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பட்டி மாவைப் பூசி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காந்தப்பாடம் நடத்தும் ஆசிரியனுக்கு இது முன்பே தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வெல்டிங் தொழில் செய்கிறான். பள்ளியில் கணக்கு என்றாலே கடைசி வரிசைக்குப் போய்விடுவான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, திருப்புளியால் ஓர் இடத்தில் குத்தினான். திருப்புளி மறுபக்கம் போய்விட்டது!

“சார், மேல பூசினா அடியில அது தின்னுக்கிட்டேதான் இருக்கும். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் அறுத்து எடுக்கணும்” என்றான்.

பக்கத்துப் பட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கின்றன. பலாச் சருகும் சேறும் அவற்றை அடைத்திருந்தன. மழைநீர் போக வழியின்றி உள்ளேயே நின்று இரும்பைத் தின்றிருக்கிறது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தூர வைத்த பிறகே அவன் வெல்டிங் நெருப்பை மூட்டினான். தரையில் மூன்று இடம், பக்கத்தில் இரண்டு இடம். அறுத்தான், புதுத் தகடு வைத்தான், துருத்தடுப்புச் சாயம் பூசினான். 750 வெள்ளி ஆயிற்று. கூலி வேண்டாமென்றவன் கையில் அதையும் சேர்த்துத் திணித்தேன்.

தரைவிரிப்பின் அடியில் அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றும், மடித்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்றும், பால்மரக் கொட்டைகள் மூன்றும் கிடைத்தன. எங்கள் தோட்டத்தில் இப்போது பால்மரமே இல்லை; எல்லாம் செம்பனை. அப்பா கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதற்குப் பிறகு பணத்தை எண்ணி எண்ணியே செலவழித்தேன். பக்கத்துப் பட்டண மெக்கானிக் தவுக்கே ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். விளக்கு, கதவுப்பிடி, இருக்கை போன்றவற்றைப் பழைய கார் அறுத்து விற்கும் கடையில் வாங்கலாம். நிறுத்துகிற சாமான்களை மட்டும் புதிதாகத்தான் வாங்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எட்டு வருட எண்ணெய் சிலிண்டர்களைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. பிரேக் வேலைக்கு 420 வெள்ளி. டயர்கள் பார்வைக்குப் பழுதில்லாமல் இருந்தன. ஆனால், பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2411 என்றால் 2011-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம். உங்கள் டயரையும் போய்ப் பாருங்கள். நான்கையும் மாற்ற 480 வெள்ளி. டைமிங் பெல்ட், ரப்பர்க் குழாய்கள், ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு 460. பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும் கழுவ 200. பேட்டரி 170.

பிறகு வாகனச் சோதனை நிலையம். முதல் முறை தேறவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கவில்லையாம். வாத்தியார் மறுதேர்வு எழுதினார்! இரண்டாம் முறை தேறிற்று. சோதனை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் சேர்ந்து 350 வெள்ளி. கூட்டிப் பார்த்தேன்: 3,850. முதலில் போன அந்த 900 போயிருக்காவிட்டால் 2,950-இல் முடிந்திருக்கும். மனைவியிடம் கணக்கை மறைக்காமல் காட்டினேன். அந்த ஆண்டு தீபாவளிக்கு எனக்குப் புதுச்சட்டை இல்லை. அவ்வளவே.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒருநாள், விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா, பின்னால் மனைவியும் பிள்ளைகளும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வேண்டாமென்று அப்பா சொல்லிவிட்டார். அந்த நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது; இந்தக் கார் முதன்முதலில் வெளிவந்த அதே ஆண்டு. ஆனாலும் அம்மாவுக்குப் பழைய சாலைதான் பிடிக்குமாம்.

கலும்பாங், கெர்லிங் கடந்து குவாலா குபு பாரு சந்திப்பு வந்தபோது பனி விலகிற்று. ‘பாரு’ என்றால் புதிது. பழைய குவாலா குபுவில் 1883-இல் அணை உடைந்து வெள்ளம் புகுந்தது. பின்னர் ஆற்று வண்டல் ஊரை மூட மூட, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டுநிலத்தில் இந்தப் புது ஊரைக் கட்டினார்கள். ராசா, பத்தாங் காலி, செரண்டா எல்லாம் தாண்டியாயிற்று. சுங்கை சோவை நெருங்கியதும், “தாத்தா, இந்தக் கார் இங்கேதான் பிறந்தது” என்றாள் என் மகள். பெரோடுவாவின் தொழிற்சாலை அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அப்பா காரின் முன்பலகையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல.

ரவாங்கில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் நாட்டிலேயே முதன்முதலில் மின்சாரம் உண்டாக்கியது அங்கேதான். 1894-இல் ஈயச் சுரங்கத்து நீரை இறைக்க லோக் இயூவும் கா. தம்புசாமி பிள்ளையும் செய்த ஏற்பாடு அது. அதே தம்புசாமி பிள்ளைதான் பத்துமலையில் முருகனுக்குக் கோயில் கண்டவர். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது வியந்துபோனார்கள். பட்டணத்து நெரிசலைத் தவிர்க்க, 2017-இல் திறந்த மாற்றுச்சாலையில் ஏறினேன். காட்டுக்கு மேலே உயர்ந்த தூண்களில் போகிற சாலை. ஐந்து பேரைச் சுமந்து 660 சி.சி. முனகிற்று. என் கண் சூட்டுமுள்ளிலேயே இருந்தது. முள் பாதியைத் தாண்டவில்லை. ஏற்றம் முடிந்து இறக்கம் வந்தது. பிரேக்கை மிதித்தேன், நேராக, அமைதியாகப் பிடித்தது. அந்த 420 வெள்ளி எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்துமலையில் 272 படிகளை அப்பாவால் ஏறமுடியாது. 2006-இல் எழுப்பிய 140 அடி முருகன் சிலைக்கெதிரே நின்று கும்பிட்டார். பிறகு காரின் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முன்பலகையில் ஒரு கீற்றுப் பூசினார். அம்மா மடித்த பொட்டலம் அது. கார் நான்கு பழங்களையும் நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு வண்டி கித்தானுக்கடியில் கிடக்கலாம். எல்லா வண்டியையும் காப்பாற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அடித்தளம் முழுக்க அரித்துப்போயிருந்தால் இரும்புக்குப் போடுவதே நல்லது. ஆனால், முடிவெடுக்குமுன் ஒரு காந்தமும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள். கையிலிருக்கும் முதல் வெள்ளியைப் பிரேக்குக்கும் தரைக்கும் போடுங்கள். சாயத்திற்குக் கடைசி வெள்ளி போதும். நான் தலைகீழாகச் செய்து 900 வெள்ளியைத் தொலைத்தவன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் கஞ்சிலின் கதவுக்குக் கீழே இன்னும் சாம்பல்நிறத் திட்டு இருக்கிறது. பணம் வரும்போது பூசிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செரண்டா வந்ததும் மட்டும் வாய் திறந்தார்:

“தம்பி, இந்தப் பக்கத்துக் கண்ணாடி சரியா ஏற மாட்டேங்குது. தைப்பூசத்துக்குள்ள அதைப் பார்த்துடு.”