மூன்றாம் நாள் விட்டுவிடும் காய்ச்சல்

காலையில் நன்றாக இருந்த பிள்ளைக்குச் சாயங்காலம் 39, 40 டிகிரி. வயிறு விறைத்துத் தொட முடியாத வலி, மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல். சிலருக்கு ஒரு முழங்கால் மட்டும் வீங்கும். சிலருக்குக் கணுக்கால் பக்கம் தோல் சிவந்து கொதிக்கும். அரை நாளிலிருந்து மூன்று நாள் வரை இந்தப் பாடு, பிறகு எழுந்து விளையாடப் போய்விடும். அடுத்தது அடுத்த வாரமா, நாலு மாதம் கழித்தா, யாருக்கும் தெரியாது. மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சல் என்கிறார்கள். துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், வட ஆப்பிரிக்க யூதர் குடும்பங்களில் அதிகம். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது.

*

வலியைவிட எனக்குக் கொடுமையாகப் படுவது, யாரும் நம்பாமல் போவது. மருத்துவரைப் பார்க்கும் முறை வரும்போது காய்ச்சல் இருக்காது. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்பார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது போனாலோ, குடல்வால் அழற்சி என்று அறுத்துவிடுவார்கள். அதன் பிறகும் அதே வலி திரும்ப வரும். இப்படி வீணாக வயிற்றில் தழும்பு வாங்கியவர்கள் ஏராளம். வலிக்கிற நேரத்திலேயே ரத்தம் எடுத்து, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவைப் பார்த்தால் எகிறி நிற்கும். காய்ச்சல் வந்த தேதிகளைத் தாய் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், பரிசோதனைச் சீட்டு சொல்லாததை அது சொல்லிவிடும்.

*

இஸ்ரேலில் டெல் ஹஷோமர் மருத்துவமனையில் மருத்துவர்கள் ஹெல்லரும் சோஹரும் இந்த நோயாளிகள் நூற்றுக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த நோயின் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அழற்சி திரும்பத் திரும்ப வரும்போது அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிகிறது. அதற்கு வலி கிடையாது. மருந்து இல்லாத காலத்தில் பலரைக் கொன்றது காய்ச்சல் அல்ல, இந்தப் படிவுதான். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் சாதாரணச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

*

1972-ல் பாஸ்டன் மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர் மருத்துவ இதழ் ஒன்றுக்குச் சிறு கடிதம் எழுதினார்: கோல்சிசின் கொடுத்தால் இந்தக் காய்ச்சல் வருவது நிற்கிறது. அதே ஆண்டு துருக்கியில் ஓஸ்கான் குழுவினரும் இதையே சொன்னார்கள். கவுட் மூட்டுவலிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த பழைய மருந்து அது. 1974-ல் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் அதை உறுதி செய்தன. அந்த மருந்து வலியை நிறுத்தியதோடு சிறுநீரகத்தையும் காப்பாற்றியது.

கோல்சிசின் நம் செங்காந்தள் விதையிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அதுதான். விதை மருந்துக்காக வெளிநாடு போகிறது. கிழங்கு விஷம் என்று ஊரறியும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இங்கே இடைவெளி மிகக் குறைவு. இந்தக் காய்ச்சலுக்குப் பெரியவர்கள் வழக்கமாக எடுக்கும் கோல்சிசின் அளவு ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம். காய்ச்சல் இல்லாத நாளிலும் போட வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. கர்ப்பத்திலும் நிறுத்த வேண்டாம் என்றே இப்போது சொல்கிறார்கள்.

*

1997-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக 16-ஆம் குரோமோசோமில் இந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தன. அது உண்டாக்கும் புரதம் பைரின். கிருமியின் நச்சு செல்லுக்குள் ஒரு முக்கியப் புரதத்தை முடக்கினால், பைரின் அதை உணர்ந்து அழற்சியைத் தூண்டிவிடும். மரபணு பிசகியவர்களிடம் அந்தக் காவல்காரன் திருடன் வராமலே கத்துகிறான்.

பிளேக் கிருமிக்கு பைரினை வாயடைக்கும் வித்தை தெரியும். பிசகிய பைரினிடம் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை என்று 2020-ல் ஆய்வாளர் டேனியல் காஸ்ட்னர் குழுவினர் காட்டினார்கள். பிசகிய மரபணுவின் ஒரே ஒரு பிரதி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நோய் வருவதில்லை. பிளேக்கில் அவர்கள் தப்பிப் பிழைத்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் பிள்ளை இரண்டு பிரதிகளையும் சுமக்க நேரலாம். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அந்தப் பிள்ளையின் வயிற்றுவலி, பெயர் தெரியாத எத்தனையோ பாட்டன்மார் பிழைத்ததன் மறுபக்கம்.

*

கோல்சிசின் எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு, இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. அவற்றில் ஒன்றான கனகினுமாபை இந்த நோய்க்குப் பயன்படுத்த 2016-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் விலை சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. அரசுக் காப்பீடு இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஊசி எப்படிக் கிடைக்கும்?