மரத்தின் குரல்

தனித்தும் மின்னிணைப்போடும் வாசிக்கத்தக்க கிட்டார் ஒன்றை வாங்க, கொல்கத்தாவின் லால்பஜார் இசைக்கருவிக் கடைகளுக்கு அக்காவுடன் சென்றேன். திருநெல்வேலியிலுள்ள ஆச்சிக்குக் கண்பார்வை மங்கிவந்தது. என் இசையைப் பதிவுசெய்து அனுப்ப விரும்பினேன். அப்பா தந்தது 8,000 ரூபாய்.

ஒலிபெருக்கியில் இணைத்தபோது எல்லாக் கருவிகளும் இனித்தன. வீணை பயின்ற அக்காவோ, “இணைப்பைக் கழற்றிவிட்டு வாசி” என்றாள். மிகவும் பளபளத்த கிட்டார் அட்டைப்பெட்டிபோல் ஒலித்தது! கம்பிகளைத் தாங்கும் ‘குதிரை’க்கு அடியிலுள்ள உணர்வி, பெரும்பாலும் கம்பியின் அதிர்வையே மின்னொலியாக்கும், மரப்பெட்டியின் நாதம் அதில் முழுமையாக வராது. மேடைக்கு அது போதும், பதிவுக்குப் போதாது.

விரலை வருத்தாத, அலங்காரமற்ற ஒன்றைத் தேர்ந்தோம். அதன் கழுத்தும் உடலும் சேருமிடத்தின் எதிரே கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்தேன். ஆச்சி இருமுறை கேட்டாராம். மின்னிணைப்புக்குரிய 9 வோல்ட் மின்கலம் இன்னும் உறை பிரிக்கப்படவில்லை.