பிரெஞ்சு தெரிந்தவர்

சிட்னியில் எங்கள் வட்டாரத்துத் தமிழர்களிடையே எனக்குப் 'பிரெஞ்சு தெரிந்தவர்' என்று ஒரு பெயர் உண்டு. பாரிஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். பள்ளியில் பிரெஞ்சுப் பாடம் புரியாமல் திணறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்னைத்தான் கைகாட்டுவார்கள். அந்தப் பெயருக்கு நான் லாயக்கில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பல வருடங்கள் அதை மறுக்காமல், சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்தப் பித்தலாட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. 1990-களில் பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுத்தவர்களில் நானும் ஒருவன். மொழி மேல் காதல் எல்லாம் இல்லை. 'ஸ்கோரிங் சப்ஜெக்ட்' என்று சொன்னார்கள், எடுத்தேன். பொறியியல் கட்-ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் சேராது. ஆனால் சொந்தக்காரர்கள் கேட்பது 1200-க்கு மொத்தம் எவ்வளவு என்றுதான். நோட்ஸை மனப்பாடம் செய்து, வினைச்சொல் அட்டவணைகளை ஒப்பித்து, நண்பனுக்குக் கடிதம் எழுதிப் பழகி, 200-க்கு 190-ஐத் தாண்டினேன். வகுப்பில் யாரும் வாயைத் திறந்து பிரெஞ்சு பேசியதாக எனக்கு நினைவில்லை. தமிழ்நாட்டில் 2006-இல் வந்த சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. என் காலத்தில் அந்தக் கட்டாயமும் கிடையாது.

நாற்பதை நெருங்கும்போது, வேலை, வீட்டுக் கடன் எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, பழைய மதிப்பெண் மறுபடி தலைக்கேறியது. சிட்னி நகரத்தில் வாரம் ஒரு மாலை நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் சேரப் போனேன். எந்த நிலையில் சேர்ப்பது என்று பார்க்க எழுத்துத் தேர்வு வைத்தார்கள். பிளஸ் டூ இலக்கணம் கைகொடுத்தது. ஆரம்ப நிலைகளான ஏ1, ஏ2 இரண்டையும் தாண்டி நேராக பி1 வகுப்பில் உட்கார வைத்தார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறவர் அந்த வகுப்புக்கு வந்து சேர இருநூறு மணி நேரப் பாடமாவது ஆகும். நான் எழுதத் தெரிந்த, கேட்கத் தெரியாத ஆளாக உள்ளே போனேன். வீட்டுக்கு வந்து, 'நேரா பி1' என்று எல்லோரிடமும் சொன்னேன்.

முதல் அடி எண்களில் விழுந்தது. பிரெஞ்சில் எழுபது என்பது அறுபதோடு பத்து. எண்பது என்பது நான்கு இருபது. தொண்ணூற்றேழு என்றால் நான்கு இருபதோடு பதினேழு. தொலைபேசி எண்ணை அவர்கள் இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 'அறுபது' என்று காதில் விழுந்ததும் ஆறை எழுதுவதா, இல்லை, அது எழுபத்தைந்தாக மாறப் போகிறதா என்று அடுத்த சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆசிரியை ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்லி எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டாள். என் தாளில் முதல் நான்கு இலக்கத்துக்கு மேல் எதுவும் இல்லை. அவள் தாளைப் பார்த்து மீதியை எழுதிக்கொண்டேன். பிளஸ் டூவில்கூட நான் காப்பி அடித்ததில்லை.

அதன் பிறகு வகுப்புக்கு மட்டம் போட ஆரம்பித்தேன். வீட்டில் சொல்லவில்லை. அலுவலகம் முடிந்ததும் டவுன் ஹால் ஸ்டேஷன் பக்கம் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, வகுப்பு முடிகிற நேரத்துக்குச் சரியாக ரயில் ஏறி, வென்ட்வொர்த்வில் வந்து இறங்குவேன். "கிளாஸ் எப்படிப் போச்சு?" என்று மனைவி கேட்டால், "இன்னிக்கு சப்ஜங்க்டிவ்" என்பேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கட்டிய பணம் கட்டியதுதான். அடுத்த டெர்முக்கும் கட்டினேன், கட்டாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று.

மனசாட்சிக்கு, பிரெஞ்சு கற்றுத்தரும் கைபேசிச் செயலி ஒன்று இருந்தது. ராத்திரி பன்னிரண்டு அடிப்பதற்குள் ஆப்பிள், ரொட்டி, பூனை என்று மிகச் சுலபமான பாடம் ஒன்றைத் தட்டிவிட்டால், தினமும் விடாமல் படித்ததாகச் செயலி காட்டும் தொடர்ச்சி அறுபடாது. அந்தத் தொடர்ச்சி எண்ணிக்கையை நண்பர்களிடம் காட்டியிருக்கிறேன். ஆண்டுதோறும் மார்ச்சில் இங்கே நடக்கும் பிரெஞ்சுத் திரைப்பட விழாவுக்குப் போய், முழுப் படத்தையும் ஆங்கில சப்டைட்டிலில் படித்துவிட்டு, வசனம் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறேன். அலமாரியில் ஓரம்கூட மடங்காத இலக்கணப் புத்தகங்கள் சேர்ந்தன. உள்ளே ஏதாவது உறுத்தினால், 'ஆர்வம் போய்விட்டது, வயசாகிறது' என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

குட்டு உடைந்தது லா பெரூஸில். சிட்னியின் தெற்கே, பாட்டனி விரிகுடாவின் வாயில் இருக்கும் இடம். பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ், 1788 ஜனவரி 26 அன்று, ஆங்கிலேயர்கள் தங்கள் முதல் குடியேற்றத்தைப் போர்ட் ஜாக்சனுக்கு மாற்றிக்கொண்டிருந்த அதே நாளில், இரண்டு கப்பல்களோடு இங்கே நங்கூரம் பாய்ச்சினார். குறிப்புகளையும் கடிதங்களையும் ஆங்கிலேயர் வசம் ஒப்படைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பச் செய்துவிட்டு மார்ச் 10 அன்று கிளம்பினார். அத்தோடு சரி, இரண்டு கப்பல்களும் காணாமல் போயின. அவை சாலமன் தீவுகளில் வனிகோரோ அருகே உடைந்தன என்பது உறுதியாக 1827 வரை ஆயிற்று. 1825-இல் இங்கே வந்த பூகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதியின் முயற்சியில் எழுந்த நினைவுத்தூண் ஒன்று அங்கே நிற்கிறது. அதன் கல்வெட்டு பிரெஞ்சிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு.

சென்னையிலிருந்து வந்திருந்த மாமனாரை அங்கே கூட்டிப் போயிருந்தேன். "மாப்பிள்ளை, பிரெஞ்சுல என்ன போட்டிருக்கு, படிங்க பார்ப்போம்" என்றார். நான் தூணை ஒரு சுற்றுச் சுற்றி ஆங்கிலத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, பிரெஞ்சு எழுத்துக்கு முன்னால் வந்து நின்றேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, யோசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, லா பெரூஸைப் பற்றிய கடைசித் தகவல் இந்த இடத்திலிருந்துதான் கிடைத்தது என்று தமிழில் சொன்னேன். மாமனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் மகள் தூணின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அது இங்க இங்கிலீஷ்ல இருக்கே, நீங்க இதைத்தானே படிச்சீங்க?" என்றாள்.

மாமனார் பெரிய மனிதர். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் விடவில்லை. காரில் திரும்பும்போது, "நீங்க பொய் சொல்லலாம், நான் மட்டும் சனிக்கிழமை தமிழ் ஸ்கூலுக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடம் நான் நிகழ்த்தும் சொற்பொழிவு அப்படிப்பட்டது. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் 95,000-க்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இங்கே பள்ளி இறுதியில் எழுதும் ஹெச்.எஸ்.சி. தேர்விலேயே தமிழ் ஒரு பாடம், நீ சோம்பேறித்தனம் பண்ணலாமா என்று நீட்டுவேன். தமிழை மதிப்பெண்ணுக்காகக் கைவிட்டவன், பிரெஞ்சைக் கௌரவத்துக்காகப் பிடித்தவன், அதையும் காபிக் கடையில் போக்கியவன் சொன்ன புத்திமதி அது.

அன்றிரவு யோசித்ததில் ஒன்று தெளிவானது. போனது ஆர்வம் என்று நான் சொல்லிவந்தது நாகரிகமான சாக்கு. பிரெஞ்சு தெரிந்தவன் என்று பெயர் எடுக்கும் ஆசை கடைசிவரை குறையவே இல்லை. பத்துப் பேர் முன்னால் தெரியாதவனாக உட்காரத்தான் எனக்கு வெட்கம். ஊரில் முதல் வரிசையில் நின்றவனுக்குக் கடைசி பெஞ்சு தாங்கவில்லை.

அடுத்த டெர்மில் ஏ2-வுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மனைவியிடம் காபிக் கடைக் கதையைச் சொன்னேன். அதைப் பற்றி இங்கே எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். செயலியை அழித்தேன். எஸ்.பி.எஸ். வானொலியில் தமிழுக்கு இருப்பது போலவே பிரெஞ்சுக்கும் நிகழ்ச்சி உண்டு. ஆஸ்திரேலியச் செய்தியை முதலில் தமிழில் கேட்டுவிட்டு, பிறகு பிரெஞ்சில் கேட்கிறேன். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால், வட்டி விகிதம், காட்டுத் தீ, கிரிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் காதில் பிடிபடுகிறது. பிரான்ஸ் நாட்டு ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது. ரயிலில் அதுதான் துணை. உற்சாகம் வந்த பிறகு படிக்க உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். வெறுப்போடுதான் உட்கார்ந்தேன். ஒரு நாள் வானிலை அறிக்கை முழுதாகப் புரிந்தது, மறுநாள் நானாகவே கேட்கப் போனேன். அவ்வளவுதான் நடந்தது.

சிட்னியிலும் மெல்போர்னிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சனிக்கிழமை வகுப்புக்கு முகத்தைச் சுளித்தால் திட்டுவதற்கு முன்னால், நீங்களும் தெரியாத மொழி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தப்பும் தவறுமாகச் சத்தம் போட்டுப் படியுங்கள், பிள்ளை சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் தமிழ்ப் பள்ளிச் சண்டை ஓய்ந்துவிடவில்லை; ஆனால் சொற்பொழிவு நின்றுவிட்டது.

அடுத்து பிரெஞ்சு மொழித் தகுதிக்கான டெல்ஃப் ஏ2 தேர்வு எழுதப் போகிறேன். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்துக்கு ஐந்தாவது வேண்டும். கேட்டலில் எனக்கு இன்னும் பயம்தான். தோற்றால் அதையும் வெளியில் சொல்லிவிடுவேன்.