ஸ்ரேசன் மாஸ்ரர்

காலோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்த பிறகு நித்திரை வரவில்லை. யன்னலோரம் இருந்து பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன். அக்போபுர என்றொரு பலகை இருட்டுக்குள் போனது. கேள்விப்படாத பெயர். கந்தளாயிலிருந்து ரயிலுக்கு முன்னாலேயே என் வாய் ஓடியது. தம்பலகாமத்து வயல்கள் முடிய, யன்னலால் உப்புக் காற்று.

சீனன்குடாவில் இறங்கிய நாலைந்து பேரில் சூட்கேசோடு நின்றவன் நான் மட்டும். "அண்ணை" என்று கேட்டுத் திரும்பினேன். தலை முழுக்க நரை. குரல் அதே குரல்.

1979இல் நான் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம், அவன் புதுமுகம், தம்பலகாமத்துப் பெடியன். விடுதி வாசலில் எங்கள் பட்ச் புதுசுகளை மறித்து நிற்கும். அவனுக்கு வேலை கொடுத்தது நான்தான். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, காலோயாவிலிருந்து திருகோணமலை வரைக்கும் ஸ்ரேசன்களை மூச்சு விடாமல் சொல்லவேண்டும். பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு. காலையில் ஒருமுறை, இராச்சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. ஆறு கிழமை! வாளிக்குள்ளிருந்து வரும் அந்தக் குரலுக்கு நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். ஸ்ரேசன் மாஸ்ரர் என்ற பட்டம் பரீட்சை முடிவுப் பலகை வரைக்கும் கூடப் போனது. யாரோ பென்சிலால் எழுதிவிட்டார்கள்.

பகிடிவதை என்ற சொல்லில் பகிடி முன்னுக்கு நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, பின்னுக்கு நிற்பது எங்கள் கண்ணில் படவில்லை. 1998இல் அதைத் தடைசெய்து இலங்கையில் சட்டம் வந்தபோது நான் ரொறன்ரோவில். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாங்கள் செய்தது இதுக்குள்ள வராது" என்று மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அந்த வாளிக் காலத்துக்கு அடுத்த வருடம், விடுதியில் எனக்குச் செங்கண்மாரி வந்தது. கூட்டாளிகள் எல்லாம் லீவுக்குப் போய்விட, கீழ்காய்நெல்லி தேடிப் பிடுங்கி, அரைத்து மோரில் கரைத்துத் தந்தவன் அவன். பிறகு சண்டை, புலம்பெயர்வு, நின்றுபோன கடிதங்கள். போன வருடம்தான் தொலைபேசி இலக்கம் கிடைத்தது.

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். ஒருபக்கம் விமானப்படைத் தளம், கரையோரம் பிறிமா மா ஆலை. காட்டுப் பக்கம் திரும்பினால் எண்ணெய்க் குதங்கள். வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டியவை, ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். பலவற்றில் கொடி ஏறி, குரங்குகள் குடியிருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு குதத்தில் மோதி, நாட்கணக்கில் எரிந்ததாம். வெப்பத்தில் சுருண்ட இரும்பு மழையில் நனைந்த அப்பளம்போல இன்னும் கிடக்கிறது.

மிஞ்சியவை 99. 2022 ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு முயற்சிக்கு. ஒப்புவித்தான், மூச்சு விடாமல். எனக்கு முகத்தில் சூடு ஏறியது. இதைச் சொல்லத்தான் கனடாவிலிருந்து வந்தேன் என்று தொடங்கினேன். வாளி என்ற சொல் வரைக்கும் வந்து தொண்டை அடைத்தது.

அவன் ஒரு கல்லை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தான்.

"நான் ஒருநாளும் முழுசாச் சொன்னதில்லை அண்ணை. அக்போபுரவை விட்டிட்டுத்தான் சொன்னனான், ரெண்டு பக்கமும். நீங்கள் யாழ்ப்பாணம். இந்த லைன் உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்."

ஆறு கிழமையும்?

"ஆறு கிழமையும்."

ஸ்கூட்டரை உதைத்தான். பின்னால் கொழுவியிருந்த ஹெல்மெற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"சந்தியில பொலிஸ் நிப்பான். தலையில கவிழுங்கோ."