ஓரக்கோட்டில் நின்றவர்

வென்றவர்களைவிட, வெற்றிக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்க நேர்ந்தவர்களே என்னை அதிகம் அலைக்கழிக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் அப்படி ஒருவர் உண்டு: ட்ரூ பிளெட்ஸோ.

இந்த ஆட்டத்தில் அணியின் தாக்குதல் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்தே தொடங்குகிறது. 1993இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட பிளெட்ஸோ, நியூ இங்கிலண்ட் பேட்ரியாட்ஸ் அணியில் எட்டாண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். 2001 மார்ச்சில் மேலும் பத்தாண்டுகளுக்கு, பத்துக் கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜெட்ஸுடனான ஆட்டத்தில், எல்லைக்கோட்டருகே மோ லூயிஸ் அவர்மீது மோதினார். மார்புக்குள் இரத்தக்கசிவு, உயிருக்கே ஆபத்து. அவரிடத்தில் இறங்கியவர் டாம் பிரேடி. 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199ஆவதாக எடுக்கப்பட்ட இளைஞர்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்த அணி, அடுத்த பதினான்கில் பதினொன்றை வென்றது. நவம்பரில் பிளெட்ஸோ குணமடைந்து திரும்பியும், பயிற்சியாளர் பில் பெலிச்சிக் பிரேடியையே தொடரச் செய்தார். ஏமாற்றத்தை பிளெட்ஸோ மறைக்கவில்லை. ஆனால் அதை பிரேடியின்மேல் காட்டவுமில்லை.

இங்கேதான் நான் தலைகுனிகிறேன். பல வருடங்களுக்கு முன், நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து அலுவலகம் சென்றபோது என் மேசையில் ஓர் இளைஞன் இருந்தான். வேலையை என்னைவிட நன்றாகவே செய்தான். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சந்தேகம் கேட்டு வருவான்; ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி அனுப்புவேன்.

2002 ஜனவரி 27, பிட்ஸ்பர்க். இறுதிப்போட்டிக்குத் தகுதிபெறும் ஆட்டத்தில் பிரேடிக்குக் கணுக்காலில் அடி. மாதக்கணக்கில் காத்திருந்த பிளெட்ஸோ உள்ளே வந்தார். மீண்டும் எல்லைக்கோட்டருகே, ஏறக்குறைய அதேபோல ஒரு மோதல். எழுந்தார். சற்று நேரத்தில் டேவிட் பேட்டனுக்கு 11 கெஜத் தூரத்திலிருந்து ஒரு டச்டவுன் வீச்சு. அணி 24-17 என வென்றது.

மறுவாரம் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிரான இறுதிப்போட்டியில் ஆடியவர் பிரேடிதான். ஆடம் வினாட்டியேரி கடைசி நொடியில் 48 கெஜத்திலிருந்து உதைத்த பந்தால் வெற்றி, 20-17. பிளெட்ஸோ ஓரக்கோட்டில் நின்றிருந்தார். ஏப்ரலில் அவரை பஃபலோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 2006இல் டல்லஸ் அணியில், ஓர் ஆட்டத்தின் நடுவிலேயே டோனி ரோமோ என்ற இளைஞர் அவரிடத்துக்கு வந்தார். வாழ்க்கை ஒரே பாடத்தை இருமுறை நடத்தியது.

2011இல் ரசிகர்கள் வாக்களித்து அவரைப் பேட்ரியாட்ஸின் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். காயத்துக்குப் பிறகு அந்தப் பருவத்தில் அவர் வீசியது பிட்ஸ்பர்க்கில் ஒரே ஒரு பிற்பகல். அதற்காக அவர் தன்னைக் கசப்பில்லாமல் வைத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த இளைஞனுக்கு நான் ஒருமுறையாவது உட்காரவைத்து விளக்கியிருக்கலாம்.