தப்புச் சத்தம் வராத காமன் கூத்து

எங்கள் தோட்டத்துக்கு மின்சாரத்துக்கு முந்தியே டீவீ வந்துவிட்டது. ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15ஆம் திகதி. அதன் பிரதான கோபுரங்களில் ஒன்று எங்கள் தலைக்கு மேலேதான் நிற்கிறது: பீதுருதாலகால மலையில், 2,524 மீட்டர் உயரத்தில், இலங்கையின் ஆக உயர்ந்த இடத்தில். மலைக்குக் கீழே லயங்களில் எரிந்ததோ மண்ணெண்ணெய் விளக்கு. கார் பெட்டரியை டவுனில் சார்ஜ் பண்ணித் தோளில் சுமந்து வந்து கறுப்பு வெள்ளை டீவீயில் மாட்டுவார்கள். பெட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். வில்லன் சாகும் முன்னே பெட்டரி செத்துப்போன படங்கள் எத்தனையோ. முடிவை இன்றுவரை அறியாதவர்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

பிறகு வாடகை டெக் வந்தது, விசீடி வந்தது, டீவீடி வந்தது. எல்லாவற்றிலும் ஒரு வசதி இருந்தது. போட்டால் ஓடும். தட்டில் கீறல் விழுந்திருந்தால் நிற்கும், அவ்வளவுதான். டீவீயின் பின்பக்கம் பென் டிரைவ் செருகும் ஓட்டை வந்த பிறகுதான் ‘கொம்பியூட்டரில் ஓடுது, டீவீயில் ஓடல’ என்ற பேச்சே எங்கள் பக்கம் கிளம்பியது.

நான் கொழும்பில் வேலை பார்த்த காலம். ஒரு மாசியில் தோட்டத்துக் காமன் கூத்தை நண்பன் ஒருவன் நல்ல கெமராவில் பிடித்திருந்தான். ரதியும் மதனும் லயம் லயமாய் வருவது முதல் காமனை எரிப்பது வரை எல்லாம் இருந்தது. அந்த வருடம் தப்பு அடித்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அடுத்த மாசிக்கு அவர் இல்லை. அப்பாயி அதைப் பார்க்க வேண்டும் என்றாள். லெப்டொப்பில் அழகாக ஓடியது. அப்படியே பென்னில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏற்றுவதிலேயே ஒரு வில்லங்கம். பென்னில் இடம் கிடக்கிறது, கோப்பு ஏறமாட்டேன் என்றது. ஃபாட்32 முறையில் தயாரான பென்னில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினேன், ஏறிவிட்டது. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

காம்பரா நிறைய ஆட்கள். தவணைக்கு எடுத்த 32 அங்குல டீவீ. படம் வந்தது, ரதி ஆடினாள், தீ எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. தாத்தாவின் கை தப்பில் விழுந்து எழும்புகிறது, ஊமைப்படம் மாதிரி. அப்பாயி ரிமோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சத்தத்தக் கூட்டு ராசா” என்றாள். நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் காம்பராவில் டீவீடி பிளேயர் இருந்தது. அதில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அது என்டிஎஃப்எஸ் பென்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் ஹட்டனில் டீவீ திருத்தும் அண்ணன் ஒருவரிடம் போனேன். கோப்பைப் பற்றி நான் நீட்டி முழக்கியதை அவர் காதில் வாங்கவில்லை. “டீவீ என்ன மொடல் தம்பி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “அதத் தெரியாம படத்தக் கொண்டாந்தா?” என்றவர், தன் பழைய கொம்பியூட்டரில் பென்னைச் செருகிக் காட்டித் தந்தார்.

கோப்பின் பேரின் கடைசியில் வரும் எம்.பி.4, எம்.கே.வி, எம்.ஓ.வி, ஏ.வி.ஐ எல்லாம் ஸ்டோரிலிருந்து போகும் தேயிலைப் பெட்டி மாதிரி. பெட்டியைப் பார்த்தால் உள்ளே இருப்பது பீஓபீயா டஸ்ட்டா என்று தெரியாது. படத்தை ஒரு முறையில் சுருக்கியிருப்பார்கள், ஒலியை வேறொரு முறையில். எச்.264 முறை 2003இல் வந்தது. கடந்த பத்துப் பதினைந்து வருடத்து டீவீக்கள் பெரும்பாலும் அதைப் பிடிக்கும். எச்.265 வந்தது 2013இல். கோப்பு சிறிதாகும், ஆனால் பழைய டீவீயில் ‘இயக்க முடியாது’ என்று வந்து நிற்கும். இப்போதைய போன்கள் பலவும் இந்த இரண்டாவது முறையிலேயே பிடித்து வைக்கின்றன. ஒலியில் இன்னும் கஷ்டம். டீடீஎஸ் ஒலிக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால், புத்தம் புது டீவீ சிலவற்றில்கூட அது இல்லை. படம் ஓடும், சத்தம் வராது. எங்கள் கூத்தில் இருந்தது பி.சி.எம் என்ற சுருக்காத ஒலி. கெமராவுக்கு அது இயல்பு, எங்கள் டீவீக்கு அது புரியவில்லை. லெப்டொப்பில் இருந்த வி.எல்.சி இது எல்லாவற்றையும் தானே விளங்கிக்கொண்டு ஓட்டிவிடுவதால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

மருந்து சின்னதுதான். படத்தில் கை வைக்காமல் ஒலியை மட்டும் ஏ.ஏ.சிக்கு மாற்றி எம்.பி.4 பெட்டியில் போட்டார். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளுக்கு அது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. கோப்பை 4 ஜிபிக்குக் குறைந்த துண்டுகளாக வெட்டி, பென்னைத் திரும்ப ஃபாட்32க்குக் கொண்டுவந்தார். தமிழில் நான் வைத்திருந்த பேர்களை அழித்து 01, 02, 03 என்று எழுதினார். பல டீவீக்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாய்த்தான் வரும். ஆங்கிலத்தில் எழுதினால் அப்பாயிக்குத் தெரியாது. இலக்கம் அவளுக்கு அத்துப்படி. கொழுந்து நிறுக்கும் தராசடியில் ஆயுசெல்லாம் கிலோக் கணக்கு வாசித்தவள்.

‘எச்டிஎம்ஐ வயரை மாட்டினால் தீர்ந்ததே’ என்பார்கள். தீரும். ஆனால் வயர் லெப்டொப்போடு வரும், லெப்டொப் ஞாயிறு இரவு என்னோடு கொழும்புக்குப் போய்விடும். போனிலிருந்து டீவீக்கு அனுப்பலாம் என்பதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், எங்கள் லயத்தில் யார் வீட்டில் இருக்கிறது? பென் அப்படியில்லை. டீவீக்குப் பின்னாலேயே கிடக்கும், நினைத்த நேரம் பார்க்கலாம்.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4கே என்று பெருமையாகக் கொடுக்கிறார்கள், சடங்கு வீடியோவைக்கூட. 10க்கு 12 அடிக் காம்பராவில், 32 அங்குலத் திரையில், 720 வரிப் படமே தாராளம். அந்த அளவுத் திரைகளில் பெரும்பாலானவை 4கேயைக் காட்டவும் மாட்டா. பெரிய கோப்பை வன்தட்டில் பத்திரமாக வையுங்கள், பிற்காலத்துக்கு ஆகும். பார்ப்பவர் கையில் கொடுப்பது அவர் டீவீயில் ஓடுகிற கோப்பாக இருக்கட்டும். போனில் ஒருவர் பார்க்கலாம்; டீவீயில்தான் லயமே பார்க்கும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து படம் ஏற்றிக்கொண்டு வரும் தம்பி தங்கச்சிகளே, கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்கும் அண்ணன்மாரே, பென்னைக் கையில் எடுக்கும் முன் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து டீவீயின் பின்பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மொடல் இலக்கம் அதில் இருக்கும். பெட்டி போன்ற பழைய டீவீயும் டீவீடி பிளேயரும்தான் என்றால் எக்ஸ்விட் முறையில் ஏ.வி.ஐ கோப்பு, தட்டை டீவீ என்றால் எச்.264, ஏ.ஏ.சி, எம்.பி.4. முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் போட்டுப் பாருங்கள், சத்தத்தோடு சேர்த்து.