வாயில்லா ஜீவனும் ஒரு யூனிட் இன்சுலினும்





"மனிதர்களுக்கே மருந்து வாங்க வழியில்லாத காலத்தில் பூனைக்கு இன்சுலினா?" கடந்த எட்டு மாதங்களாக இக்கேள்வியை நான் பலரிடமிருந்து கேட்டு வருகிறேன். உறவினர் கேட்டார்கள், அண்டை வீட்டார் கேட்டார்கள், மதரஸாவில் என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தாய்மாரும் கேட்டார்கள். அவர்களில் எவரும் கல்நெஞ்சர் அல்லர். ஏழைகளின் பசியை நினைத்தே கேட்டார்கள். நியாயமான கேள்விக்கு நியாயமான விடை சொல்ல வேண்டும். அந்த விடையையும், வீட்டிலேயே பூனைக்கு இன்சுலின் செலுத்துவதில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கோபாலபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். கணவர், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், மாமியார், நான் என நால்வர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மழைக்கு ஒதுங்கி மாடிப்படியில் கிடந்த ஒரு குட்டியை என் மாமியார்தான் உள்ளே எடுத்து வந்தார். பட்டு என்று பெயரிட்டவரும் அவரே. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை. தெரு வாகனங்களுக்கு அஞ்சி அதனை வெளியே விடுவதில்லை. எனவே உண்டு உறங்கி நன்றாகக் கொழுத்திருந்தது. வயது முதிர்ந்த, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே வளரும் ஆண் பூனைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

நோயை முதலில் கண்டுகொண்டவரும் என் மாமியார்தான். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவர் அவர். பட்டு நாளெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தின் அருகிலேயே கிடந்தது. மணல்தட்டு விரைவில் நனைந்துபோயிற்று. முன்னைவிட அதிகமாகத் தின்றும் முதுகெலும்பு துருத்தியது. பின்னங்கால்களைக் குதிகால் தரையில் படும்படி ஊன்றி நடக்கத் தொடங்கியது. "இது நம்ம வியாதி மாதிரியே இருக்கேம்மா. டாக்டர்கிட்ட காட்டிடு" என்றார் மாமி.

1903 முதல் இயங்கி வரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துக் கொண்டு சென்றோம். அச்சத்தாலேயே பூனையின் இரத்தச் சர்க்கரை உயர்ந்துவிடும் என்பதால், ஒரு முறை எடுத்த இரத்தப் பரிசோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், சிறுநீரையும் சோதித்து, அறிகுறிகளையும் விசாரித்த பின்னரே மருத்துவர் நீரிழிவு என்று உறுதி செய்தார். மாத்திரைகள் பெரும்பாலும் போதா, இன்சுலின் தேவை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரு முறை செலுத்த வேண்டும் என்றார். நாலரைக் கிலோ எடையுள்ள பட்டுவுக்கு கிளார்ஜின் என்னும் இன்சுலினை வேளைக்கு 1 யூனிட் எனத் தொடங்கினார். இது எங்கள் பூனைக்கு அவர் குறித்த அளவு. வேறு பூனைக்கு வேறு அளவாக இருக்கலாம். மருத்துவர் சொல்லாமல் எவரும் இதனைப் பின்பற்ற வேண்டாம்.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு? கிளார்ஜினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஆக, ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு ஒரு துளியாகக்கூடத் தெரியாது. அந்தச் சிறு துளியில் கூடுதல் குறைவு நேர்ந்தால் ஓர் உயிர் போய்விடும்.

எங்கள் வீட்டில் இந்த ஆபத்து இரு மடங்காக இருந்தது. மாமிக்குப் போடும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. அதற்குரிய சிரிஞ்சு யு-40, சிவப்பு மூடி. பட்டுவின் கிளார்ஜினுக்கு யு-100 சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு மாலை கணவர் பட்டுவுக்கென வாங்கி வந்த பொட்டலத்தில் சிவப்பு மூடிச் சிரிஞ்சுகள் இருந்தன. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னாராம். மகள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டாள். யு-40 சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மில்லிலிட்டர். அதில் நூறு யூனிட் மருந்தை நிரப்பினால் உள்ளே செல்வது இரண்டரை யூனிட். கோடு ஒன்றைக் காட்டும், உடலுக்குள் செல்வதோ இரண்டரை மடங்கு! இரவோடு இரவாகப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து மாற்றி வந்தோம்.

அன்று முதல் குளிர்சாதனப் பெட்டியில் இரு டப்பாக்கள். மாமியின் மருந்தும் சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளும் மேல்தட்டில். பட்டுவுடையவை கீழ்த்தட்டில். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணும் மருந்துக் குப்பியில் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்த பிறகே ஊசியை எடுக்கிறோம். நீரிழிவாளர் இருக்கும் இல்லங்களில் பூனை இல்லாவிட்டாலும் இந்த வழக்கம் நல்லது. மருத்துவர் இன்சுலினை மாற்றும்போது சிரிஞ்சையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது நேரம். ஒரு வக்துடன் இணைத்துவிட்டால் மறக்காது என்று முதலில் எண்ணினேன். ஆனால் தொழுகை நேரம் சூரியனோடு நகர்வது. சென்னையில் மஃரிப் நவம்பரில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்பே வந்துவிடும். ஜூலையில் ஆறே முக்கால் மணியை நெருங்கும். இன்சுலினோ கடிகாரத்தோடு நிற்பது. எனவே காலை ஏழு, மாலை ஏழு என்று வைத்தோம். ஆண்டின் எந்த மாதத்திலும் மாலை ஏழு மணிக்குள் மஃரிபைத் தொழுது முடித்திருப்போம். ரமளானிலும் இதில் மாற்றமில்லை. சஹர் முடிந்து வீடே கண்ணயரும் வேளையிலும் காலை ஏழு மணிக்கு ஒருவர் எழுந்தாக வேண்டும். நோன்பு நமக்குத்தான், அதற்கில்லை.

முதலில் உணவு, பிறகு ஊசி. பட்டு உண்ணத் தொடங்கியதும் முதுகுப் பக்கத்துத் தளர்ந்த தோலைக் கூடாரம்போல் மெல்ல உயர்த்தி, அதன் அடியில் ஊசியைச் செலுத்துவேன். ஊசி மிக மெல்லியது. முதல் வாரத்தில் என் கைதான் நடுங்கியது. அது தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது. உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஊசியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடி, குப்பை அள்ளும் சகோதரர்களின் கையில் குத்தாதவாறு அப்புறப்படுத்த வேண்டும். இதுவும் அடியார்க்குச் செய்யும் கடமையே.

பட்டு உண்ண மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான அளவைச் செலுத்தாமல் முதலில் மருத்துவரைக் கேட்கிறோம். உணவில்லாத உடலில் இன்சுலின் சென்றால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். சில சமயம் பூனை துள்ளிவிடும். மருந்து உள்ளே சென்றதா, உரோமத்தில் சிந்திவிட்டதா என்ற ஐயம் எழும். அப்போது மறுபடியும் போடவே கூடாது. ஒரு வேளை மருந்து தவறினால் உடல் பெரும்பாலும் தாங்கும். இரு மடங்கு சென்றால் தாங்காது. இதனை மதரஸாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். மூன்று ரக்அத்தா நான்கா என்ற ஐயம் வந்தால், உறுதியாகத் தெரிந்த மூன்றை வைத்துக்கொண்டு இன்னும் ஒன்றைத் தொழச் சொல்கிறோம். தொழுகையில் ஐயத்துக்குரியது செய்யப்படாததாகக் கொள்ளப்படும். இன்சுலினில் அது செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். தொழுகையில் கூடுதலாகிவிட்டால் ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. இங்கே அப்படி ஈடு செய்ய வழியில்லை.

சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்களை வீட்டிலுள்ள நால்வரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், முற்றினால் வலிப்பு. உண்ணும் நிலையில் இருந்தால் உடனே உணவு தர வேண்டும். உண்ண இயலாவிட்டால் சிறிது தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறுகளில் தடவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மயங்கிக் கிடக்கும் பூனையின் தொண்டைக்குள் எதையும் ஊற்றக் கூடாது. காது மடலின் ஓரத்தில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்து வீட்டிலேயே அளந்து, நாட்குறிப்பில் எழுதி மருத்துவரிடம் காட்டுகிறோம். மனிதருக்கான அளவுமானி பூனையின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அவர் எச்சரித்திருக்கிறார். ஆகவே எண்ணைப் பார்த்து நாங்களாக அளவை மாற்றுவதில்லை. பால்சோறும் பிஸ்கட்டும் நின்றுவிட்டன. மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கு மாறினோம். அந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்தோம். உணவு மாறினால் தேவைப்படும் இன்சுலினும் குறையலாம். தொடக்கத்திலேயே முறையாகச் சிகிச்சை பெறும் பூனைகளில் சில, இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதும் உண்டு. பட்டு இன்னும் அந்நிலையை அடையவில்லை. ஆனால் தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது. பின்னங்கால்கள் மீண்டும் உறுதி பெற்று வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் இன்சுலினைக் கண்டறிந்தது நாய்களின் மீது நடத்திய சோதனைகளால். கணையம் அகற்றப்பட்ட நாய்கள் அந்த ஆய்வுக்காக உயிர் துறந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன் பின் அறுபது ஆண்டுக்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே உலகுக்கு இன்சுலின் கிடைத்தது. நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினுக்கு 1982இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிளார்ஜினும் நுண்ணுயிரிகளைக் கொண்டே தயாராகிறது. ஆகவே பன்றியிலிருந்து எடுத்ததோ என்ற கவலை எங்களுக்கு எழவில்லை. கால்நடைகளுக்கென விற்கப்படும் இன்சுலின்களில் பன்றியிலிருந்து பெறப்பட்டதும் உண்டு. அத்தகைய நிலை வருவோர் மருத்துவரிடமும் தம் ஆலிமிடமும் கேட்டுக்கொள்வது நலம்.

என் மாமியார் இன்று பேரப்பிள்ளையுடன் அமர்ந்து உண்கிறார் என்றால், அதன் பின்னே பேச முடியாத எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. அந்த வகையில் விலங்கினத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஒரு பூனைக்கு ஒரு யூனிட் என்பது அதில் எத்தனை சிறிய பங்கு!

மார்க்கத்தின் பார்வை இதைவிடத் தெளிவானது. பூனையை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதும் நாம் அறிந்ததே. கால்நடைகளின் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் வினவியபோது, உயிருள்ள எதற்குச் செய்யும் உபகாரத்திற்கும் கூலி உண்டு என்ற கருத்தில் விடையளித்தார்கள். உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை அருந்துவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. நபியவர்களிடம் முஅஸ்ஸா என்றொரு பூனை இருந்தது, அது உறங்கியதால் தம் ஆடையின் கையை வெட்டினார்கள் என்று பரவியிருக்கும் கதைக்கு நம்பகமான ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ள செய்திகளே நமக்குப் போதுமானவை.

அந்தப் பெண்ணின் குற்றம் பூனையை வளர்த்தது அன்று, அடைத்து வைத்துவிட்டுப் பொறுப்பைக் கைவிட்டது. நாங்களும் பட்டுவை அடைத்தே வைத்திருக்கிறோம். இரை தேடும் வழியையும் நோய்க்கு ஒதுங்கும் இடத்தையும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாங்களே மூடினோம். எனவே அது எங்களிடம் உள்ள அமானத். அமானத்தைக் காப்பது உணர்ச்சிப் பெருக்கால் நடப்பதன்று. ஏழு மணிக்கு எழுவதும், கோட்டைச் சரிபார்ப்பதும், ஊசியைப் பத்திரமாக அகற்றுவதுமே இரக்கம். அளவும் நேரமும் தவறினால், அன்பாகப் போட்ட ஊசியும் கொன்றுவிடும்.

ஏழையின் பங்கு? ஜகாத் பணம் இதற்கு ஆகாது. ஒரு காசும் அதிலிருந்து எடுப்பதில்லை. வழக்கமாகக் கொடுக்கும் ஸதகாவையும் குறைக்கவில்லை. வெளியில் உண்பதை நிறுத்தினோம். பெருநாளுக்கு ஆளுக்கு ஓர் ஆடை என்று வரையறுத்தோம். அவ்வாறு மிஞ்சுவதே பட்டுவின் செலவு. "அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுக்கலாமே" என்று சொல்வோர், அதே கேள்வியை நம் வலீமா விருந்துகளில் கொட்டப்படும் பிரியாணியைப் பார்த்தும் கேட்டால் மகிழ்வேன்.

அதே வேளையில், இயலாதவர்களைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. கையில் பணமும் வீட்டில் ஆளும் இல்லாதவர் மருத்துவரிடம் நிலையைத் திறந்து சொல்லி, இயன்றதைச் செய்தாலே போதும். பராமரிக்க முடிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதும் அமானத்தை நிறைவேற்றும் வழிதான். நோயுற்றது என்பதற்காகச் சாக்கில் கட்டிச் சந்தையருகே விட்டுவிட்டு வருவது மட்டும் எவருக்கும் தகாது.

வல்ல ரஹ்மான் நம் பொறுப்பில் உள்ள மனிதர்களுக்கும், வாய்பேச இயலாத உயிர்களுக்கும் நாம் ஆற்ற வேண்டிய கடமைகளை அளவு பிசகாமல் ஆற்றும் பொறுமையை நமக்குத் தந்தருள்வானாக! நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.